பங்காளி ரொட்டி: ஒரு சிறு வணிகத்தின் வரலாறு



சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடியற்காலையில் லைன் வண்டி வந்து நிற்கும். பன், ரொட்டி, ரஸ்க், வர்க்கி, தேங்காய் பன் ஆகியவற்றைக் கடைக்காரர் எண்ணி வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைப்பார். அவரிடம் அடுப்பு இல்லை. மாவு பிசையும் ஆளும் இல்லை. மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்கு விற்பது மட்டுமே அவர் தொழில். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகள் பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இப்படி ஒரு கடையைத் திறப்பதுதான். முதல் குறைவு, தொழில்நுட்பம் கற்க வேண்டியதில்லை, காலையில் போட்ட பணம் மாலையில் கைக்கு வந்துவிடும்.

"வாங்கி விற்பதில் என்ன பெருமை இருக்கிறது?" என்று வீட்டிலேயே சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பிறர் சுட்ட ரொட்டியைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்று விற்ற தமிழ் முஸ்லிம்கள் ஒரு நாட்டின் மொழியிலும் உணவிலும் தம் அடையாளத்தைப் பதித்துச் சென்றிருக்கிறார்கள். அந்த வரலாற்றையும், அது இன்று நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வியையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மதீனாவின் சந்தையில்

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் அப்போது எதுவும் இல்லை. மக்காவில் ஈட்டியதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களையும் மதீனாவாசியான ஸஅத் பின் அர்ரபீஉ (ரலி) அவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியைப் பிரித்துத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாஉ சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்றைய வணிகத்தில் கிடைத்த ஆதாயமாகச் சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டு அவர்கள் திரும்பியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. சில நாள்களிலேயே மஹர் கொடுத்து மணமுடிக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள்.

பின்னாளில் பெருஞ்செல்வராக விளங்கிய ஒரு ஸஹாபியின் தொடக்கம், பிறர் ஆக்கிய உணவுப் பொருளை வாங்கி விற்றதில்தான் இருந்தது. அவர்கள் மாடு வளர்க்கவில்லை. நெய் உருக்கவும் இல்லை. ஆக்குபவனுக்கும் உண்பவனுக்கும் இடையே நம்பகமான ஒரு கையாக நின்றார்கள். அந்த இடைநிலைப் பணிக்கு இஸ்லாம் தரும் மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

தென்காசிச் சீமையிலிருந்து கடலுக்கு

இனி நம் பகுதிக்கு வருவோம். சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி ஆகிய ஊர்கள் முன்பு நெல்லை மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளன. 1927-இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டபோது சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் ஒரே தடத்தில் இணைந்தன. மானாவாரி நிலமும் கைத்தறியும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். மழை பொய்த்தாலோ, நெசவுக்கு விலை வீழ்ந்தாலோ வயிற்றுப்பாட்டுக்கு வெளியூர் செல்வது தவிர்க்க முடியாததாயிற்று.

அவ்வாறு சென்றவர்களில் பெரும்பகுதியினருக்கு மலாயாவே இலக்கு. மதுரை வழியாக நாகப்பட்டினம் சென்று, அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் மூத்த தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை. கடையநல்லூர், தென்காசி மக்கள் சிங்கப்பூரில் பெரும்பாலும் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். ஆண்கள் தனித்துச் சென்று பொருளீட்டித் திரும்பிய காலத்தில், இவர்களில் பலர் குடும்பத்தோடு சென்று வேரூன்றினர். ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைக்க, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946-இல் அது உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சில்லறைக் காசில் வாழ்ந்தவர்கள் சேர்த்து எழுப்பிய கல்விக்கூடம் அது.

பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் இருப்பு இதற்கும் முந்தியது. 1786-இல் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் நம் கடற்கரை ஊர்களின் வணிகர்கள் அங்கே நிலைபெற்றுவிட்டனர். சூலியர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் பெயரில் ஜார்ஜ் டவுனில் இன்றும் ஒரு தெரு உள்ளது. அவர்களின் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன் அவர்களின் முயற்சியில் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உருவாயிற்று. பின்னர் வந்த சிறு வணிகர்களுக்கும் கூலிகளுக்கும் தொழவும், தங்கவும், வேலை விசாரிக்கவும் அப்பள்ளியின் சுற்றுப்புறம் புகலிடமாயிற்று.

பினாங்கின் ரொட்டி

இந்தப் பின்னணியில்தான் 1928-இல் பினாங்கில் 'பிரிட்டிஷ் மலாயா பேக்கரி' என்ற ரொட்டிச்சாலையைத் தமிழ் முஸ்லிம்கள் நிறுவினர். டிரான்ஸ்ஃபர் சாலையில் அதன் மரபு இன்றும் தொடர்கிறது. அங்கே சுடப்படும் உயரமான, ஓரங்கள் குறுகிய ரொட்டி பினாங்கின் அடையாளங்களுள் ஒன்று. மலாய் மக்கள் அதனைக் கறிக் குழம்பில் தோய்த்து உண்பர். காலையில் காயா தடவியும் உண்பர். தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை மூன்றும் சேர்த்துக் கிண்டும் இனிப்புக் களியே காயா.

அந்த ரொட்டிக்கு மலாய் மொழியில் 'ரொட்டி பெங்காளி' என்று பெயர். கேட்பவர்கள் வங்காளத்திலிருந்து வந்த ரொட்டி என்றே நினைப்பார்கள். வங்காளத்திற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரொட்டிச்சாலையைத் தொடங்கியவர்கள் தம்மிடம் வேலை செய்தவர்களுக்கும் அதில் பங்கு கொடுத்தார்கள். ஆகவே அது 'பங்காளி ரொட்டி' எனப்பட்டது. நாளடைவில் மலாய் நாவில் 'பங்காளி' என்ற தமிழ்ச் சொல் 'பெங்காளி' ஆகிவிட்டது என்பதே பினாங்கில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மலாயாவில் சீக்கியர்களைக்கூட 'பெங்காளி' என்றழைக்கும் வழக்கம் இருந்தது. கல்கத்தா துறைமுகம் வழியாக வந்தவர்கள் என்பதால் ஒட்டிய பெயர் அது. எனவே ஏற்கெனவே நாவில் பழகியிருந்த ஒரு சொல்லுக்குள் நம் சொல் கரைந்துபோனதில் வியப்பில்லை.

மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் உணவுக் கடையை 'மாமாக் கடை' என்ற பொருளில் 'மாமாக்' என்கிறார்கள். 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லே அதன் மூலம். தமிழ்க் குடும்பத்தில் உறவினர் என்றால் ஒன்று மாமன் மச்சான் முறை, மற்றொன்று பங்காளி முறை. இவ்விரண்டு சொற்களும் கடல் கடந்து, இன்னொரு மக்களின் சோற்றுத் தட்டில் நிலைபெற்றுள்ளன. நம்மவர்கள் ஆட்சியாளர்களாகவோ பெருநிலக்கிழார்களாகவோ அங்கே செல்லவில்லை. ரொட்டியும் தேநீரும் விற்றவர்களாகச் சென்று, உறவு முறையால் நினைக்கப்படுகிறார்கள்.

சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர்

ரொட்டிச்சாலை எவ்வளவு பெரிதாயினும், சுட்ட ரொட்டி வீடுவீடாகச் செல்ல வேண்டுமல்லவா? அப்பணியைச் செய்தவர்கள் ரொட்டிக்காரர்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவர்களில் பெரும்பாலோர் இந்திய முஸ்லிம்களே. தொடக்கத்தில் கூடையைத் தலையில் சுமந்தனர். பின்னர் சைக்கிளின் பின்புறம் தகரப் பெட்டி வந்தது. ரொட்டிச்சாலையில் மொத்த விலைக்குச் சரக்கெடுத்து, குறிப்பிட்ட தெருக்களைச் சுற்றி வருவது அவர்களின் அன்றாடம். வாடிக்கையாளர் கேட்ட கனத்தில் ரொட்டியை அங்கேயே அறுத்து, வெண்ணெயோ காயாவோ தடவித் தருவார்கள். ரொட்டியோடு பிள்ளைகளுக்கான சிறு தின்பண்டங்களும் அந்தப் பெட்டியில் இருக்கும். இன்று சைக்கிளின் இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. இருபுறமும் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டு, ஒலிப்பானை அழுத்திக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை மலேசியக் குடியிருப்புகளில் இப்போதும் காணலாம்.

இலங்கையிலும் இதன் உறவுக்காரத் தொழில் ஒன்றுண்டு. அங்கே ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது. பாண் ஏற்றிய முச்சக்கர வண்டி இசை ஒலித்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும். அதனால் 'சூன் பாண்' என்றே அதற்குப் பெயர். எங்கும் அடிப்படை ஒன்றுதான்: சுடுபவர் ஒருவர், கொண்டு செல்பவர் மற்றொருவர்.

மலாய் முஸ்லிம்கள் இந்த ரொட்டியைத் தயக்கமின்றி வாங்கியதற்கு முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ரொட்டியில் சேர்க்கும் கொழுப்பு எதிலிருந்து வந்தது என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய முடியாது. சுட்டவரும் விற்பவரும் முஸ்லிம்கள் என்றால் பன்றிக் கொழுப்புப் பற்றிய அச்சம் நீங்கிவிடும். ஹலால் முத்திரைகள் இல்லாத காலத்தில் ரொட்டிக்காரரின் வார்த்தையே முத்திரை.

இவ்வணிகத்திற்குச் சோதனைகளும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின; தொடர்ந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் அரிசியே கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தார்கள். 1953 முதல் குடிநுழைவுச் சட்டங்கள் இறுகின. 1969-க்குப் பின் மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாகி, பலர் ஊர் திரும்பினர். திரும்பியவர்கள் பணத்தோடு பழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். பிற்பாடு அவர்களின் பிள்ளைகள் மலாயாவுக்குப் பதிலாக வளைகுடாவை நோக்கினர்.

ஆறு பாக்கெட் கணக்கு

இந்த வரலாற்றைப் படித்துவிட்டுக் கடை திறக்க நினைக்கும் இளைஞர், தொழிலின் உட்கணக்கையும் அறிந்துகொள்ள வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பன் பாக்கெட்டை 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 30 பாக்கெட் வாங்க 1,200 ரூபாய். முழுவதும் விற்றால் கைக்கு வருவது 1,500, ஆதாயம் 300. ஆறு பாக்கெட் மட்டும் விற்காமல் தங்கி, மொத்த வணிகர் அவற்றைத் திரும்ப எடுக்க மறுத்தால், விற்ற 24 பாக்கெட்டில் வரும் பணம் சரியாக 1,200. ஒரு நாள் உழைப்பும், கடை வாடகையும், மின் கட்டணமும் அந்த ஆறு பாக்கெட்டோடு போய்விடும்.

ஆகவே இத்தொழிலில் மீந்த சரக்கே உண்மையான எதிரி. ரொட்டி சில நாள்களில் பூஞ்சணம் பிடிக்கும் பொருள். நேற்றைய பாக்கெட்டை இன்றைய பாக்கெட்டின் கீழே வைத்துத் தள்ளிவிடலாம் என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அந்தக் குவியலின் ஈரத்திற்கும் நம் கடையின் நேற்றைய பன்னுக்கும் வேறுபாடு இல்லை. நேற்றையது என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்பதில் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு. பூஞ்சணம் கண்டதை என்ன விலைக்கும் விற்கலாகாது.

மொத்த வணிகரோடு செய்யும் ஒப்பந்தத்திலும் தெளிவு வேண்டும். சரக்கு கடைக்காரருக்கு விற்கப்பட்டதா, அல்லது விற்றுத் தருமாறு ஒப்படைக்கப்பட்டதா? விற்கப்பட்டதென்றால் ஆதாயமும் இழப்பும் கடைக்காரருடையவை. ஒப்படைக்கப்பட்டதென்றால் அவர் முகவர். பேசிய கழிவு மட்டுமே அவருடையது, மீந்தது மொத்த வணிகரின் பொறுப்பு. இரண்டும் ஆகுமானவையே. முன்னமே பேசாமல், இலாபம் வரும்போது ஒன்றாகவும் நட்டம் வரும்போது மற்றொன்றாகவும் மாற்றிக்கொள்வதில்தான் சச்சரவு பிறக்கிறது. விலைக்கு வாங்கிய உணவுப் பொருளைத் தம் கைவசம் பெறுவதற்கு முன் பிறருக்கு விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும் நினைவில் இருக்கட்டும். வண்டி வருமுன்னரே, வராத சரக்கை விற்றுப் பணம் வாங்குவது இதில் அடங்கும்.

நாட்டின் சட்டமும் பேணப்பட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு கடைகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரொட்டியில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எந்த ரொட்டிச்சாலையின் சரக்கை வாங்குகிறோமோ, அங்கே ஒரு முறையாவது நேரில் சென்று, மாவு, கொழுப்பு, தண்ணீர், தூய்மை ஆகியவற்றைப் பார்ப்பது விற்பவரின் கடமை. பினாங்கின் ரொட்டிக்காரர் தம் வார்த்தையை முத்திரையாக்க முடிந்ததற்குக் காரணம், தாம் விற்பது எங்கே எப்படி ஆயிற்று என்பதை அவர் அறிந்திருந்ததே.

பங்காளி என்ற சொல்லின் கடன்

வட்டிக்குப் பணம் வாங்கித் தொடங்கிய கடை, முதல் மழைக்காலத்திலேயே தள்ளாடுவதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். விற்பனை குறைந்தாலும் வட்டி குறையாது. பங்கு வணிகம் அப்படியன்று. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இடும் முளாரபாவில் ஆதாயம் முன்பே பேசிய விகிதப்படி பிரியும். இழப்பு வந்தால் முதலிட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இருவரும் முதலிடும் ஷிர்கத்தில் இழப்பு அவரவர் முதலின் அளவுப்படி பகிரப்படும். இரு பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாத வரை அவர்களோடு மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. நபித்துவத்திற்கு முன் நபி (ஸல்) அவர்களோடு கூட்டாக வணிகம் செய்த ஸாயிப் (ரலி) பிற்காலத்தில் அவர்களைச் சந்தித்தபோது, வாதமும் சண்டையும் செய்யாத நல்ல கூட்டாளி என்று நினைவுகூர்ந்தார்கள்.

பினாங்கு ரொட்டிச்சாலையின் பெயரில் உறைந்திருப்பது இந்த நெறிதான். மாவு பிசைந்தவரும் அடுப்பின் முன் நின்றவரும் பங்குக்கு உரியவர்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள் அந்த முன்னோர்.

இப்போது நம் ஊர்களின் ரொட்டிச்சாலைகளையும் தேநீர்க் கடைகளையும் பாருங்கள். மாவு பிசைபவர்களில், தட்டு தூக்குபவர்களில் எத்தனை பேர் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள்! நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அதே வயதில், அதே வறுமையால், அதே மொழி தெரியாத அச்சத்தோடு அவர்கள் ரயிலேறி வந்திருக்கிறார்கள். அவர்களில் நம் மார்க்கச் சகோதரர்களும் உண்டு, பிற சமயத்தாரும் உண்டு. பெரும்பாலான கடைகளில் அவர்களின் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. 'ஏ வடக்கன்' என்றோ 'பாய் பையன்' என்றோ கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பினாங்கில் பங்காளி என்ற சொல் பெங்காளி ஆனது. இங்கோ உண்மையான வங்காளி நம் அடுப்பின் முன் நிற்கிறார். அவரைப் பங்காளியாக்க நமக்கு மனம் வருமா?

எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் பங்கு கொடுக்க இயலாது என்பது உண்மை. ஆயினும் செய்யக்கூடியவை உள்ளன. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கலாம். வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளர் அதன் வெப்பத்தைத் தாங்கியவர் என்பதால், அவரை உடன் அமர்த்துங்கள் அல்லது ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள் என்ற நபிமொழியை வெம்மை வீசும் ரொட்டிச்சாலையில் நின்று எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் நன்கு விளங்கும். ஓராண்டு உழைத்தவருக்கு ஆதாயத்தில் ஒரு விகிதம் என்று எழுதி வைக்கலாம். கடை சிறிதாயினும் விகிதம் விகிதமே. பங்கு உண்டு என்று அறிந்தவர் மீந்த பாக்கெட்டைத் தம் இழப்பாகவே கருதுவார்; தட்டைத் துடைக்கும்போது தம் தட்டைத் துடைப்பது போலவே துடைப்பார்.

சங்கரன்கோவில் சாலையோரத்தில் இருநூறு சதுர அடியில் ஒரு பன் கடை திறப்பதைச் சிறுமை என்று எண்ண வேண்டாம். மதீனாவின் சந்தையில் நெய் விற்றவர்களும், பினாங்கின் தெருவில் ரொட்டி விற்றவர்களும் இதே தொழிலைச் செய்தவர்கள்தாம். கடை திறக்கும் நாளில் பெயர்ப்பலகைக்குச் செலவிடுவதற்கு முன், உடன் உழைக்கப்போகிறவரை அமர்த்திவைத்து, அவர் பெயரைக் கேட்டு, அவருக்குரிய பங்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடனைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

வல்ல அல்லாஹ் நம் வணிகங்களில் பரக்கத்தையும், நம் கைகளில் நேர்மையையும், நம்மோடு உழைப்பவர்களின் உள்ளங்களில் நிறைவையும் தந்தருள்வானாக. ஆமீன்.